கோழி குடிக்கும் தண்ணியில் என்ன இருக்கு? போர்வெல் நீர் பண்ணைக்காரரின் வருமானத்தைக் குறைப்பது எப்படி?

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிக்குப் போனவர்களுக்கு சமணர் மலை தெரிந்திருக்கும். அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், மேலே பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்கள். வெளியே தெரிவது மலை மட்டும்தான். அதே மாதிரி கடினப் பாறை சுற்றுவட்டார வயல்களுக்கு அடியிலும் பரவிக் கிடக்கிறது. அந்தப் பாறையின் வெடிப்புகளில் தேங்கி நிற்கிற தண்ணியைத்தான் போர்வெல் மேலே கொண்டு வருது.

வீட்டுக்கும் மாட்டுக்கும் அந்தத் தண்ணிதான். கறிக்கோழி ஷெட் போட்டிருந்தால் கோழிக்கும் அதுதான். தீவனம் என்ன பிராண்ட், குஞ்சு எந்தக் கம்பெனி, மருந்து என்ன என்று விசாரிக்கிற பல பண்ணைகளில், தண்ணியை லேபுக்கு அனுப்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் குறைவு. ஆனால் கோழி எதை அதிகமாக உள்ளே எடுக்குது என்று பார்த்தால், தண்ணிதான் முதலிடம்.

ஒரு கோழி எவ்வளவு தண்ணி குடிக்கும்?

சாதாரண வெப்பநிலையில், ஒரு கோழி தின்கிற தீவனத்தின் எடையைப் போல 1.6 முதல் 2 மடங்கு வரை தண்ணி குடிக்கும். வெயில் ஏற ஏற இது இன்னும் கூடும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துதான் உடல் சூட்டைத் தணிக்கும். அப்படி வெளியேறும் ஈரத்தைத் தண்ணி குடித்துத்தான் ஈடுகட்டணும்.

ஒரு சின்னக் கணக்கு. 2 கிலோ எடைக்கு வளர ஒரு கறிக்கோழி சுமார் 3.2 கிலோ தீவனம் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அது குடிக்கும் தண்ணி ஏறத்தாழ 6 லிட்டர். 5,000 கோழி உள்ள ஒரு ஷெட்டுக்கு ஒரு பேட்ச் முடிய 30,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் இரண்டரை லோடு.

அந்தத் தண்ணியில் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்புகள் கரைந்திருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு கோழிக்குள்ளும் 12 கிராம் போகும். மொத்த ஷெட்டுக்கும் 60 கிலோ. தீவனத்தில் உப்பு கிராம் கணக்கில் அளந்து சேர்க்கப்படுது. தண்ணி வழியாகப் போகிற இந்த 60 கிலோ பல நேரம் கணக்கிலேயே வருவதில்லை.

நஷ்டம் யார் தலையில் விழுது?

தமிழ்நாட்டில் கறிக்கோழி வளர்ப்பு பெரும்பாலும் ஒப்பந்த முறையில்தான் நடக்குது. பல்லடம் வட்டாரத்தில் வேரூன்றி மற்ற மாவட்டங்களுக்கும் பரவிய முறை இது. குஞ்சு, தீவனம், மருந்து, டாக்டர் எல்லாம் கம்பெனி தரும். ஷெட், கரண்ட், ஆள், தண்ணி இவை விவசாயி பொறுப்பு. பேட்ச் முடிந்ததும் உயிர் எடைக்கு கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கிடைக்கும்.

அந்தக் கூலி எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் செலவானது என்ற விகிதத்தைக் கம்பெனி கணக்குப் போடும். பண்ணையில் இதை 'எஃப்.சி.ஆர்' என்பார்கள். தீவனம் அதிகம் செலவானாலும், கோழி அதிகம் செத்தாலும் கூலி குறையும்.

உதாரணத்துக்கு, தண்ணி சரியில்லாததால் இந்த விகிதம் வெறும் 0.05 கூடியது என்று வைத்துக்கொள்வோம். 5,000 கோழி, தலா 2 கிலோ என்றால் மொத்தம் 10,000 கிலோ உயிர் எடை. கூடுதலாகச் செலவாகும் தீவனம் 500 கிலோ. 50 கிலோ மூட்டையில் பத்து மூட்டை. இது விவசாயியின் கணக்கில் 'வளர்ப்பு சரியில்லை' என்றுதான் பதிவாகும். 'தண்ணி சரியில்லை' என்று எழுத அந்தச் சீட்டில் இடம் இருக்காது.

ஒப்பந்தத்தில் விவசாயி தன் பங்காகக் கொடுக்கும் பொருட்களில் கோழியின் உடம்புக்குள் நேராகப் போவது தண்ணி மட்டும்தான். அதனால்தான் அதன் தரம் அவருடைய கூலிப் பிரச்சினை.

பாறைத் தண்ணியில் அப்படி என்ன இருக்கு?

மழைநீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறை வெடிப்புகளில் தங்கும்போது, பாறையில் உள்ள தாதுக்கள் மெதுவாகக் கரைந்து அதில் சேரும். கால்சியம், மெக்னீசியம், சோடியம், குளோரைடு, பைகார்பனேட் இவையெல்லாம் அப்படி வருபவை. தண்ணி எவ்வளவு காலம் பாறையோடு இருக்கோ அவ்வளவு உப்பு ஏறும். கோடையில் நீர்மட்டம் இறங்கி, போர்வெல் ஆழத்திலிருந்து இழுக்கும்போது உப்புச் சுவை தூக்கலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடினப் பாறைப் பகுதியில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒரே தோட்டத்தில் நூறு அடி தள்ளி இன்னொரு போர் போட்டால் தண்ணியின் ருசியே மாறிப்போகும். இரண்டும் வேறு வேறு வெடிப்புகளிலிருந்து வரலாம். அதனால் 'பக்கத்துப் பண்ணையில் டெஸ்ட் பண்ணாங்க, நல்லாத்தான் இருந்துச்சு' என்பது உங்கள் போர்வெல்லுக்குச் சான்று ஆகாது.

எது எவ்வளவு இருக்கலாம்?

மனிதர்கள் குடிக்கும் தண்ணிக்கு இந்தியாவில் உள்ள தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. 2012இல் திருத்தி வெளியிடப்பட்டது. அதில் முதல் எண் விரும்பத்தக்க அளவு. வேறு தண்ணி கிடைக்காவிட்டால் ஏற்கலாம் என்பது இரண்டாவது எண். எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு.

- மொத்தக் கரைந்த உப்புகள் (டி.டி.எஸ்): 500 முதல் 2,000
- கடினத்தன்மை: 200 முதல் 600
- குளோரைடு: 250 முதல் 1,000
- சல்பேட்: 200 முதல் 400
- மெக்னீசியம்: 30 முதல் 100
- ஃப்ளோரைடு: 1.0 முதல் 1.5
- நைட்ரேட்: 45. இதற்குத் தளர்வு கிடையாது
- ஈ.கோலை கிருமி: 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது

கோழிக்கு என்று தனியாகவும் வரையறை உண்டு. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1974இல் வெளியிட்ட பட்டியல் இன்றும் மேற்கோள் காட்டப்படுது. அதன்படி டி.டி.எஸ் 1,000க்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை. 1,000 முதல் 3,000 வரை கொடுக்கலாம், ஆனால் எச்சம் தண்ணியாகப் போகலாம். 3,000 முதல் 5,000 வரை கோழிக்கு ஏற்றதல்ல, வளர்ச்சி குறைந்து இறப்பு கூடலாம். 5,000க்கு மேல் கொடுக்கவே கூடாது.

சரி, உப்புத் தண்ணி குடித்தால் கோழிக்கு என்ன ஆகும்?

சோடியம், குளோரைடு அதிகமானால் கோழி கூடுதலாகத் தண்ணி குடித்து அதை வெளியேற்றப் பார்க்கும். எச்சம் நீராக விழும். மெக்னீசியமும் சல்பேட்டும் சேர்ந்தால் பேதி மருந்து மாதிரி வேலை செய்யும்.

இதன் விளைவு தரையில் தெரியும். ஷெட்டில் விரித்த தென்னை நார்க் கழிவோ உமியோ நனைந்து கட்டி தட்டும். நனைந்த கூளத்திலிருந்து அமோனியா வாடை கிளம்பும். கோழிக்குக் கண் எரிச்சல், மூச்சுத் தொந்தரவு வரும். பாதத்தில் புண் வரும். ரத்தக் கழிச்சல் நோய்க் கிருமி பெருகவும் ஈரக் கூளம் தோதான இடம். 'கூளம் நனையுது' என்றால் பலரும் நிப்பிள் ஒழுகுதா என்று மட்டும் பார்ப்பார்கள். நிப்பிள் சரியாக இருந்தும் நனைந்தால், அடுத்து பார்க்க வேண்டியது தண்ணியின் உப்பு அளவு.

முட்டைக் கோழிக்கு வேறொரு சிக்கல். குடிநீரில் சோடியம் குளோரைடு கூடினால் முட்டை ஓடு மெலிந்து உடைசல் அதிகமாகும் என்பதை சிட்னி பல்கலைக்கழகத்தின் பால்னேவ் குழுவினர் 1980களில் ஆய்வு செய்து காட்டினார்கள். முட்டை உற்பத்தியே தொழிலாக இருக்கும் நாமக்கல் பக்கம் உடைசல் என்பது நேரடிப் பண இழப்பு.

இரும்புச் சத்து அதிகமுள்ள தண்ணி கோழியை நேரடியாகப் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் பைப்பில் செந்நிறமாகப் படிந்து, இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியாவை வளர்த்து, நிப்பிளை அடைக்கும். கடின நீரும் சுண்ணாம்புப் படிவம் விட்டு இதையே செய்யும். நிப்பிள் பாதி அடைத்தால் கோழி பாதித் தண்ணிதான் குடிக்கும். தண்ணி குறைந்தால் தீவனமும் குறையும்.

மருந்து வேலை செய்யாததற்கும் தண்ணிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. தண்ணியில் கலந்து கொடுக்கும் சில ஆன்டிபயாட்டிக்குகள், குறிப்பாக டெட்ராசைக்ளின் வகை, கடின நீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய மருந்து கோழியின் ரத்தத்தில் சரியாகச் சேராது. மருந்து கேட்கலை என்று டோஸை ஏற்றுவதும், அடுத்த மருந்துக்கு மாறுவதும் இங்கேதான் ஆரம்பிக்கும். கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போவது கோழியோடு நிற்கிற பிரச்சினை இல்லை. மனிதர்களுக்குக் கடைசி நேரத்தில் கொடுக்கப்படும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குப் பயன்படுத்த மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது இந்தக் கவலையால்தான்.

தடுப்பு மருந்திலும் கவனம் தேவை. ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக் கழிச்சலுக்கும், கம்போரோ நோய்க்கும் தண்ணியில் கொடுப்பது உயிருள்ள வைரஸ் கலந்த மருந்து. தண்ணியில் குளோரின் இருந்தால் அந்த வைரஸ் செத்துவிடும். அதனால் தடுப்பு மருந்துக்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பே குளோரின் கலப்பதை நிறுத்த வேண்டும். லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரை முதலில் கலந்து, சுமார் 20 நிமிடம் கழித்து மருந்தைக் கலப்பது வழக்கம். பால் புரதம் மிச்சமிருக்கும் குளோரினை ஈர்த்துக்கொள்ளும்.

பிளீச்சிங் பவுடர் போட்டும் கிருமி சாகலையே, ஏன்?

இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது, தண்ணியின் பி.எச். அளவு. குளோரின் தண்ணியில் கலந்ததும் இரண்டு வடிவமாகப் பிரியும். கிருமியை வேகமாகக் கொல்வது அதில் ஒரு வடிவம்தான். பி.எச். 6.5 இருக்கும்போது குளோரினில் பத்தில் ஒன்பது பங்கு அந்த வீரியமான வடிவத்தில் இருக்கும். 7.5இல் பாதியாகும். 8.5இல் பத்தில் ஒரு பங்குதான். போர்வெல் தண்ணி பி.எச். 8ஐத் தாண்டினால், அதே அளவு பிளீச்சிங் பவுடர் போட்டாலும் பலன் கிடைக்காது. முதலில் பி.எச். அளவைக் குறைக்கணும். அதற்குத்தான் பண்ணைகளில் அமிலக் கரைசல் பயன்படுத்துகிறார்கள். அமிலத்தையும் குளோரினையும் ஒரே பக்கெட்டில் நேரடியாகக் கலக்கவே கூடாது. விஷவாயு கிளம்பும்.

இரண்டாவது காரணம், பைப்புக்குள் வழவழப்பாகப் படியும் பாசிப் படலம். குஞ்சு விட்ட முதல் வாரம் ஷெட் சூடாக இருக்கும், லைனில் தண்ணி மெதுவாக ஓடும். கூடவே வைட்டமின், வெல்லம் கலந்து கொடுப்பதும் உண்டு. கிருமி பெருக இதைவிட வசதி வேண்டாம். படலத்துக்கு அடியில் இருக்கும் கிருமியைக் குளோரின் தொடாது. பேட்ச் முடிந்து ஷெட் காலியாக இருக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு கலவையால் லைனை ஊறவைத்து, வேகமாகத் தண்ணி விட்டு அலசுவதுதான் இதற்கு வழி.

குளோரின் சரியாக இருக்கா என்று டேங்கில் பார்ப்பதில் பயனில்லை. லைனின் கடைசி நிப்பிளில் தண்ணி பிடித்துப் பார்க்க வேண்டும். அங்கே 2 முதல் 3 பி.பி.எம். இருந்தால் போதும்.

கறி வெட்டும் இடத்தில் தண்ணியின் வேலை என்ன?

ஷெட்டோடு கதை முடிவதில்லை. கோழியை அறுத்த பிறகும் ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணிதான். இறகு இளக 50 முதல் 60 டிகிரி வெந்நீரில் முக்குவது, குடல் எடுத்த பிறகு கழுவுவது, பிறகு குளிர்நீரில் போட்டு 4 டிகிரி வரை ஆறவைப்பது. அமெரிக்காவின் பெரிய ஆலைகளில் ஒரு கோழிக்கு 19 முதல் 38 லிட்டர் வரை செலவாகும் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. பண்ணையில் ஆயுள் முழுக்க அது குடித்ததே 6 லிட்டர்தான்.

கடின நீரைச் சூடாக்கினால் ஹீட்டரிலும் பாய்லரிலும் சுண்ணாம்பு படியும். கரண்ட் செலவு ஏறும். சோப்பும் சில கிருமிநாசினிகளும் கடின நீரில் வீரியம் குறையும். அதனால் மேடை, கத்தி, மெஷின் எல்லாம் கழுவியும் சுத்தமாகாது. தண்ணியிலேயே இருக்கும் சில பாக்டீரியாக்கள் ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். கறி சீக்கிரம் வாடை அடிக்க அதுவும் காரணம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2011 விதிமுறைகள், உணவைக் கையாளும் இடத்தில் குடிக்கத்தக்க தண்ணியையே பயன்படுத்தச் சொல்கின்றன. தெருமுனைக் கறிக்கடையும் இதில் அடக்கம். கறி மேல் போடும் ஐஸுக்கும் இது பொருந்தும்.

குளோரின் தண்ணியில் கோழியைக் கழுவுவது பற்றி உலக அளவிலேயே சண்டை உண்டு. அமெரிக்கா குளிர்நீர்த் தொட்டியில் அளவோடு குளோரினை அனுமதிக்குது. ஐரோப்பிய ஒன்றியம் 1997 முதல் அந்த முறையில் கழுவிய கோழியை ஏற்பதில்லை. பண்ணையிலிருந்தே சுத்தத்தைக் கடைப்பிடிக்கணும், கடைசியில் ரசாயனத்தை நம்பக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

கோழிப் பண்ணையும் தண்ணியைக் கெடுக்குமா?

கெடுக்கும். கோழி எச்சத்தில் நைட்ரஜன் அதிகம். எருவைத் திறந்தவெளியில் குவித்து மழையில் நனையவிட்டால் அது நைட்ரேட்டாக மாறி மண்ணுக்குள் இறங்கும். பாறை வெடிப்பு வழியாக வேகமாகப் போய் அதே பண்ணையின் போர்வெல்லில் சேரலாம். பக்கத்து வீட்டு போர்வெல்லிலும் சேரலாம். நைட்ரேட் அதிகமுள்ள தண்ணியில் பால் பவுடர் கலந்து கைக்குழந்தைக்குக் கொடுத்தால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. நைட்ரேட்டுக்கு வாசமும் கிடையாது, ருசியும் கிடையாது. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணி வற்றுவதால் அளவு கூடத்தான் செய்யும்.

இதனால் எருக்குவியல், செத்த கோழியைப் புதைக்கும் குழி இரண்டையும் போர்வெல்லிலிருந்து தள்ளி, மழைநீர் ஓடி வராத மேட்டில் வைப்பது அவசியம். 5,000 கோழிக்கு மேல் வளர்க்கும் பண்ணைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது.

எந்தப் பிரச்சினைக்கு எது தீர்வு?

இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். ஒரு பிரச்சினைக்கான மெஷின் இன்னொன்றைத் தீர்க்காது.

- கிருமி: குளோரின் போதும். பி.எச். சரியாக இருக்கணும்.
- இரும்பு: தண்ணியைக் காற்றுப்பட மேலிருந்து கொட்டவிட்டு, தேக்கி, வடிகட்டினால் பெருமளவு குறையும்.
- கடினத்தன்மை: சாஃப்ட்னர் உதவும். ஆனால் அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும். ஏற்கெனவே உப்பான தண்ணிக்கு இது பொருந்தாது.
- அதிக டி.டி.எஸ்: வடிகட்டியோ பிளீச்சிங் பவுடரோ உதவாது. ஆர்.ஓ. அல்லது நல்ல தண்ணியோடு கலப்பதுதான் வழி. ஆர்.ஓ.வில் கழிவாகும் உப்பு நீரை எங்கே விடுவது என்பதையும் முதலிலேயே யோசிக்கணும்.
- நைட்ரேட்: ஆர்.ஓ. அல்லது வேறு நீர் ஆதாரம்.

கலப்பதற்கு நல்ல தண்ணி எங்கே கிடைக்கும்? ஷெட் கூரையைப் பாருங்கள். 5,000 கோழிக்கு சுமார் 6,000 சதுர அடி கூரை. மதுரையில் ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர். கூரையில் விழுவது கிட்டத்தட்ட 4.7 லட்சம் லிட்டர். அதில் 70 சதவீதம் பிடித்தாலும் 3.3 லட்சம் லிட்டர். ஆண்டுக்கு ஆறு பேட்ச் வளர்த்தால் கோழிகள் குடிக்கத் தேவைப்படுவது 1.8 லட்சம் லிட்டர்.

மழை பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுவதால் முழுவதையும் சேமிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் டி.டி.எஸ் 2,000 உள்ள போர்வெல் நீரோடு சரிபாதி மழைநீர் கலந்தால் அளவு 1,000 பக்கம் இறங்கிவிடும். வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003இலேயே கட்டாயமாக்கியது. பண்ணைக்கு அது தீவனச் செலவைக் காப்பாற்றும் வழியாகவும் இருக்கும். கூரையில் தூசியும் பறவை எச்சமும் இருக்கும் என்பதால் முதல் மழையை விட்டுவிட்டு, பிடித்த நீரில் குளோரின் கலக்க வேண்டும்.

டெஸ்ட் எப்படி எடுப்பது, எங்கே கொடுப்பது?

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ் மீட்டர் மொத்த உப்பை மட்டும்தான் காட்டும். அதில் நைட்ரேட் எவ்வளவு, கிருமி இருக்கா என்று சொல்லாது. லேப் பரிசோதனைதான் முழு விவரம் தரும்.

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணியில் இரண்டு மூன்று முறை அலசிய சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடிக்கணும். கிருமிப் பரிசோதனைக்கு லேப் தரும் கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும். அதை அலசாமல் அப்படியே பிடித்து, ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுக்கணும். போர்வெல்லில் ஒன்று, கடைசி நிப்பிளில் ஒன்று என இரண்டு மாதிரி எடுத்தால், கோளாறு நிலத்தடியிலா பைப்பிலா என்பது தெரிந்துவிடும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர்ப் பரிசோதனை ஆய்வகங்கள் உண்டு. மதுரைப் பக்கம் உள்ளவர்கள் ஆலோசனைக்குத் திருப்பரங்குன்றத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்தை அணுகலாம். கோழி நோய்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஆண்டுக்கு இரண்டு முறை, கோடை தொடங்கும் முன் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒன்று எடுப்பது நல்லது. புது போர் போட்டாலோ, பழைய போரை ஆழப்படுத்தினாலோ மறுபடியும் எடுக்கணும். ரிப்போர்ட்டின் ஒரு காப்பியைக் கம்பெனி சூப்பர்வைசரிடம் கொடுத்து வையுங்கள். தண்ணியில் சோடியம் எவ்வளவு என்று தெரிந்தால் தீவனத்தில் உப்பைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். அடுத்த பேட்ச்சில் எடை குறைந்து கூலி பிடிக்கப்பட்டால், காரணம் பேச உங்கள் கையில் ஒரு காகிதமாவது இருக்கும்.